புது ஆளுக்குப் பாதி விலை

என்னங்க,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோங்க. கார் சாவி ஃப்ரிட்ஜ் மேல இருக்கு.

வண்டி நடுவழியில நின்னா வந்து உதவுற கம்பெனியிலருந்து கடிதம் வந்துச்சு. பதினோரு வருஷமா அவங்ககிட்டயே இருக்கோம், ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டிருக்கோம். இந்த வருஷமும் விலையை ஏத்திட்டாங்க. உங்க தம்பி பொண்டாட்டி போன வாரம் அதே திட்டத்துல சேர்ந்தா, அவளுக்குப் பாதி விலை! "நீங்க ஏமாந்துட்டீங்க அக்கா"ன்னு சிரிக்கிறா. எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல.

காலையில போன் போட்டு, "நாங்க விலகிக்கறோம்"னேன். உடனே "ஒரு நிமிஷம் இருங்க மேடம்"னு சொல்லி, அவ விலைக்கே குறைச்சுட்டாங்க. போறேன்னு சொன்னாத்தான் பழைய ஆள் கண்ணுக்குத் தெரியுது.

ஞாயித்துக்கிழமை அவ கார் கிளம்பலைன்னதும் பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடினீங்க. செவ்வாய்க்கிழமை நான் வேலை முடிஞ்சு லேப் வாசல்ல மழையில நின்னு கூப்பிட்டா, "டாக்ஸி பிடிச்சு வந்துடேன்"னீங்க. உங்ககிட்டயும் விலகிக்கறேன்னு சொல்லிப் பார்க்கலாமான்னு யோசிச்சேன். வாய் வரல. நீங்க சரின்னுட்டா நான் என்ன பண்றது?

எட்டு மணிக்கு வேலை முடியும். நீங்களே வாங்க.

மறந்துட்டேன்: ஆறு மணிக்கு அவ நம்ம தையல் மெஷினை இரவல் வாங்கிட்டுப் போக வருவா. வாசல்லயே எடுத்துக் குடுத்துடுங்க. காபியெல்லாம் போட வேண்டாம், பால் இல்ல.

பால் இருக்கு. அது உங்களுக்கு.