டெமராரா பயணத்தில் அண்ணனுக்கும் இரண்டு நாள்

ஆம்பூர்,
1932 ஜூன்.

அன்பு மகன் இருதயராஜுக்கு, சேசு மரி சூசை உன்னோடு இருக்கட்டும். லண்டனில் குளிர் குறைந்து உன் இருமலும் விட்டிருக்கும் என்று நம்புகிறேன், இங்கே நானும் உன் அக்கா சுந்தரியும் அவள் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி உனக்கு எழுத வேண்டியதில்லை. அம்மா போன செய்தி கிடைத்து நீ எழுதியது வந்தது. சுந்தரி வாசிக்க ஆரம்பித்துப் பாதியில் கொடுத்துவிட்டாள், மீதியை நான்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். முப்பதாம் நாள் பூசை நல்லபடியாக நடந்தது, மேஸ்திரி வீட்டு சகீனாம்மா அன்று முழுக்க நம் அடுப்படியில் நின்று எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அக்கா இல்லாத ஊட்ல எனக்கு இன்னா சோறு என்று ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் போனாள். தோல் ஷாப்பில் இப்போது வேலை கம்மி, வாரத்தில் பாதி நாள் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிப் பக்கமே ஆள் இல்லை, வீட்டில் சும்மா உட்கார்ந்தால் அவள் நினைப்பு வருகிறது, அதுதான் பெரிய பேஜாராக இருக்கிறது.

கம்பெனி துரை என்னைத் தோல் பதனிடும் பட்டை பார்த்துவர தென் அமெரிக்காவில் டெமராராவுக்கு அனுப்புகிறார், வேலை முடிந்தபின் சில நாள் அந்தத் தேசத்தைச் சுற்றிப் பார்க்கத் திட்டம் போட்டிருந்தேன், இப்போது மனசில்லை, அடுத்த கப்பலிலேயே திரும்பிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அப்படிச் செய்யாதே. நீ முன்னே எழுதியிருந்த அந்தத் திட்டத்தை அம்மாவுக்குப் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து நானே வாசித்துக் காட்டினேன். முழுக்க மரத்தாலேயே கட்டிய பெரிய கோயில், சந்தை, பழைய சாமான்கள் வைத்திருக்கும் மாளிகை, பிறகு ஆற்றில் ஸ்டீமர், காட்டுக்குள் லாரி, கடைசியில் அந்த மகா அருவி. ஜவ்வாது மலைக்குக் கூப்பிட்டால் கால் வலிக்கிறது என்பான், அருவி பார்க்க மட்டும் சமுத்திரம் தாண்டுகிறான் பார் என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. நம்ம ஆரோக்கியசாமி இருக்கிற ஊராச்சே அது என்றாள்.

உன் திட்டத்தில் அண்ணன் ஆரோக்கியசாமி பேரே இல்லை. குறையாகச் சொல்லவில்லை, வேலூரில் ஆள் பிடிக்க வந்தவனோடு அவன் போய்க் கப்பல் ஏறியபோது நீ சின்னப் பிள்ளை, முகம்கூட நினைவிருக்காது. அந்தத் தேசத்திலேயே பெர்பீஸ் என்ற பக்கத்தில் கரும்புத் தோட்டத்தில் இருக்கிறேன் என்று இரண்டு காகிதம் வந்தது, பிறகு யுத்தம் வந்தது, காகிதம் நின்றுபோயிற்று. அங்கிருந்து திரும்பி வந்த பள்ளிகொண்டா சுப்பராயன், விஷஜுரத்தில் அவனைப் புதைத்தபோது நானும் ஒரு கை மண் போட்டேன் என்றான். அடுத்த வருஷமே நாட்றம்பள்ளிக்குத் திரும்பிய கங்கம்மாள், பெண்டாட்டி பிள்ளையோடு அவன் திருவிழாவில் மேளம் அடித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றாள். அம்மா கங்கம்மாள் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். கல்லறைத் திருநாளுக்கு நம் ஜனங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள், தூரதேசத்தில் செத்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் ஏற்றுவார்கள் அல்லவா, அம்மா தன் தாய் தகப்பனுக்கு ஏற்றிவிட்டு அந்தச் சிலுவைப் பக்கம் திரும்பாமலே வந்துவிடுவாள். பெரியவனுக்கும் ஒன்று ஏற்றேன் என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, உயிரோட இருக்கிற புள்ளைக்கு எவளாவது ஏத்துவாளா என்று அங்கேயே சண்டைக்கு நிற்பாள். எத்தனை வருஷம் ஆனாலும் ஏற்றவே இல்லை.

அப்படிப்பட்டவள் கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். நான் மேல போனதும் அங்க அவனைத் தேடணுமா வேணாமா, அதை மட்டும் சொல்லுங்க என்றாள். என்னோடு இத்தனை காலம் குடித்தனம் செய்தவளிடம், இருதயம், தண்ணி குடிக்கிறியா என்றுதான் கேட்டேன். முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் உபதேசியார் வந்து, குடும்பத்தில் செத்த மற்றவர்கள் பேரையும் சொல்லுங்கள், பூசையில் வாசிக்கலாம் என்றார். சுந்தரி என் முகத்தையே பார்த்தாள். நான் தாத்தா பாட்டி பேரோடு நிறுத்திக்கொண்டேன். கோயிலில் அவன் பேர் வராமல் வாசித்து முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, நிம்மதியில் வந்ததா துக்கத்தில் வந்ததா தெரியவில்லை.

அதனால் நீ போ. அருவியையும் விடாதே, அது என்ன பாவம் செய்தது, ஆனால் சந்தைக்கும் பழைய சாமான் மாளிகைக்கும் வைத்த இரண்டு நாளை எடுத்துப் பெர்பீஸுக்குப் போடு. நம் பக்கத்து ஜனங்கள் அங்கே மாரியம்மன் திருவிழா எடுக்கிறார்களாம், எந்த நாள் என்று முதலில் விசாரித்து அதற்குத் தகுந்தபடி மற்றதை வைத்துக்கொள். மேளச் சத்தம் கேட்டால் உன் அண்ணனுக்குக் கால் நிற்காது, ஞானோபதேசத்தில் இருந்து ஓடிப்போனதும், உபதேசியார் போய் அவன் காதைத் திருகி இழுத்து வந்ததும் உண்டு. வாலிப முகத்தைத் தேடாதே, அவனுக்கும் நரைத்திருக்கும். இடது கையைப் பார், சுண்ணாம்புக் குழியில் விழுந்து வெந்த தழும்பு முழங்கைவரைக்கும் இருக்கும். அவன் உயிரோடு இருந்தால், ஏன் எழுதவில்லை என்று கேட்டுச் சண்டை போடாதே. அவன் பெண்டாட்டி எந்த ஜாதி ஜனமானாலும் அண்ணி என்று கூப்பிடு, பிள்ளைகளுக்குத் தின்ன ஏதாவது வாங்கிப் போ. அம்மா போனதை வாசலில் வைத்துச் சொல்லிவிடாதே, அவன் சாப்பிட்டு முடித்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சொல். சுப்பராயன் சொன்னதுதான் நிஜமென்றால் அந்த மண்ணைப் பார்த்து ஒரு ஜெபம் சொல்லிவிட்டு வா. எதுவானாலும் தந்தி அடிக்காதே, தந்திக்காரனைப் பார்த்தாலே நம் தெருவில் பிரிக்குமுன் ஒப்பாரி வைத்துவிடுவார்கள். கடிதமாகவே எழுது, கல்லறைத் திருநாளுக்கு முன் என் கைக்கு வரும்படி எழுது.

ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே, காட்டில் தனியாகப் போகாதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைக் கரை சேர்ப்பாள், என் ஆசீர்வாதமும் உன் தாயின் ஆசீர்வாதமும் உன்னோடு வரும். தேட வேண்டுமா வேண்டாமா என்று அவளுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும் மகனே. எனக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

உன் அப்பா,
சவரிநாதன்