பதில் தீ

ஜூன் 18
கழித்துப் போட்ட ஆட்டுத்தோல் துண்டுகள் கிடைத்தன. கோயிலுக்காக நான் எழுதும் அற்புத ஏட்டில் சேர்க்கக் கூடாததை இனி இதில் எழுதலாம். இன்று புனிதர் சந்தியாகப்பர் கல்லறையைத் தொட்ட யாத்திரிகர் ஒருவருக்குப் பல்வலி நின்றது. நேற்றே நாவிதர் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டார். பிடுங்கியதை எழுதாமல் விடச் சொன்னார் தலைமைக் குரு ஒடோரியோ.

ஜூன் 21
ஆற்றுமுகக் கோபுரக் காவலர் ஆர்கெமிரோ, என் அத்தான், ஆள் அனுப்பியிருக்கிறார். வடகடல் கொள்ளையர் கப்பல்கள் தென்பட்டனவாம். வந்தால் அவர் தீ மூட்டுவார். எங்கள் மலையில் பதில் தீ எரிந்தால், வீரர்கள் வரும்வரை அங்கேயே நிற்பார். எரியாவிட்டால் அக்காவோடு தப்பிவிடலாம்.

"நாளன்னிக்கு ராத்திரி அருளப்பர் திருநாள், சாமி. குன்றுக்குக் குன்று தீ மூட்டுவாங்களே, எது எதுன்னு எப்படித் தெரியும்?" என்றேன் ஒடோரியோவிடம்.

"அருளப்பர் திருநாளுக்கு வர்றதுக்கு கொள்ளைக்காரன் என்ன கிறிஸ்தவனா? போய் எழுதுற வேலையைப் பாரு, விமாரா."

ஜூன் 24
நேற்று நல்ல கொண்டாட்டம். எங்கள் மலைமேல் மூட்டிய திருநாள் தீயை மூன்று முறை தாண்டினேன். அங்கி ஓரம் கருகிவிட்டது. மேற்கே, ஆற்றுமுகத்தில் எரிந்ததுதான் பெரிய தீ.

"உங்க அத்தானைக் கஞ்சன்னு சொன்னியே. எவ்வளவு விறகு பாரு," என்றார் ஒடோரியோ.

மறுபடி மேற்கே பார்த்தேன். அப்புறம் ஆப்பிள் மது வந்தது.

ஜூன் 25
அது கொண்டாட்டம் இல்லை.

ஜூன் 27
அக்கா கொன்டினா நடந்தே வந்தாள், ஒற்றைச் செருப்போடு. அத்தானை வெட்டிவிட்டார்கள்.

"ஓடிரலாம்னு கையைப் பிடிச்சு இழுத்தேன் தம்பி. உங்க மலையில தீ தெரிஞ்சுது. 'பாரு, வந்துருவாங்க'ன்னு இன்னும் விறகு போட்டாரு."

நான் தாண்டிய தீ அது. அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?

ஜூலை 3
ஆற்றங்கரை ஊர்களைச் சூறையாடிய கொள்ளையர், நகருக்கு வராமலே கப்பலேறிவிட்டார்கள். சந்தியாகப்பரே மேற்கே தீ மூட்டி விரட்டினார் என்று அற்புத ஏட்டில் எழுத வேண்டுமாம், ஒடோரியோவுக்கு.

"யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லைன்னு போடு."

"எங்க அத்தான், சாமி?"

"அவர் நகரத்துக்குள்ள இல்லையே."

எழுதினேன். இந்தக் கை விளங்குமா?

மறு ஆண்டு, ஜூன் 20
இந்தத் திருநாளுக்கு யாரும் தீ மூட்டக் கூடாது, மூட்டினால் சவுக்கடி. இனி தீ தெரிந்தால் அது எச்சரிக்கைதான், குழப்பமே இல்லை. யோசனை என்னுடையது. ஆணை ஒடோரியோ பெயரில் வந்தது.

ஜூன் 24
நேற்று இருட்டியதும் மேற்கே தீ. மதில்மேல் நின்று பார்த்தார் ஒடோரியோ.

"தடையை மீறி எவனோ கொண்டாடுறான். விடிஞ்சதும் பிடிச்சுட்டு வாங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

அக்கா யாரையும் கேட்கவில்லை. கோயில் மணிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள், கை கிழியும்வரை. ஊரே எழுந்து மதிலேறியது. விடியலில் வந்த கொள்ளையர் மதில் நிறைய ஈட்டிகளைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். மணி கேட்டு இரவே கிளம்பிய வீரர்கள் இந்த முறை நேரத்தோடு ஆற்றுமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். புதுக் காவலர் உயிரோடு இருக்கிறார்.

மணி தானாகவே அடித்தது என்று எழுதச் சொல்கிறார் ஒடோரியோ.

அற்புத ஏட்டைத் திறந்து மை தொட்டேன். 'ஆர்கெமிரோவின் மனைவி கொன்டினா' என்று ஆரம்பித்திருக்கிறேன்.