மாஸ்க் போட்ட முகம்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

உங்களுக்குப் போன் போட்டாலே உங்கள் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அதனால் எழுதி, துபாய்க்கு வரும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். வலது கையில் மாவுக்கட்டு. எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

உங்கள் தம்பியோடு சங்கு குளிக்கப் போன ஜோன்ஸுக்கு, ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்ததில் கைகால் மரத்துவிட்டது. நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவராமல், வழக்கம்போல மறுபடி கடலுக்குள் இறக்கியிருக்கிறார்கள், மரப்பு தெளியுமென்று. நான் நர்ஸ் டூட்டியில் இருந்த வார்டுக்கு வந்தபோது உடம்பு குளிர்ந்துபோயிருந்தது.

“கொண்டு வாரப்ப மூச்சு இருந்துச்சு. நீதான் கொன்ன,” என்று உங்கள் தம்பி குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கி டாக்டரம்மாவின் முகத்தில் அடித்தான். அந்தப் பெண்ணுக்கு ஒரு கண் போய்விட்டது. மறுபடி ஓங்கியபோது நான் குறுக்கே போய் நின்றேன். என் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

நான் மாஸ்க் போட்டிருந்ததால் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை என்கிறார்கள் உங்கள் அம்மா. “அடிச்சது யாருன்னு தெரியலன்னு ஸ்டேஷன்ல சொல்லிரு தாயி,” என்று என் காலைப் பிடிக்கிறார்கள்.

ஓங்கிய கம்பியோடு அவன், “மதினி, நீங்க தள்ளிக்கிடுங்க,” என்றான். நான் நகரவில்லை. அதற்கப்புறம்தான் அடித்தான்.

நேற்று ஸ்டேஷனில் அதை அப்படியே சொல்லிவிட்டேன். உங்கள் அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மனைவி