இடது கை உன்னுடையது

அடங்காத என் தம்பி ரவிக்கு, ஆசையோடு,

எந்நேரமும் பேசிக்கொண்டே இருப்பவள் எதற்கு எழுத்தில் இறங்கினாள் என்று கேட்பாய். வீட்டில் உன்னோடு பேசிப் பார்த்துவிட்டேன். பேசினால் பதில் வராதது உடனே தெரிந்துவிடுகிறது. எழுதினால், பதில் வர நாளாகும் என்று கொஞ்சம் ஏமாற்றிக்கொள்ளலாம்.

முதலில் நல்ல செய்தி. உன் மகள் தாரணிக்குக் கல்யாணம். ஆவணியில், தில்லைநகரில் மண்டபம் பிடித்திருக்கிறோம். மாப்பிள்ளை கார்த்திக் காட்டூர்ப் பையன், பெங்களூரில் அவளோடு ஒரே ஆபீஸ். அதிகம் பேசுவதில்லை. நீயாக இருந்தால் இவ்வளவு அமைதியான ஆளை நம்பலாமா என்று சந்தேகப்பட்டிருப்பாய். நம் வீட்டுக்கு அமைதியாக ஓர் ஆளாவது வரட்டும் என்று நான் விட்டுவிட்டேன்.

தேதி குறித்த அன்றே உன் மகள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"ரிசப்ஷன்ல நம்ம பாட்டை நீங்க வாசிக்கணும் அத்தை."

"எப்படிடி வாசிப்பேன்? எனக்குப் பாதிதானே தெரியும்?"

பாதி என்றால் நிஜமாகவே பாதி. கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் நம் வீட்டுக்கு ஒரே ஒரு கிட்டார் வந்தது நினைவிருக்கிறதா? மாற்றலாகிப் போன யாரோ அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. நீ முதலில், நான் முதலில் என்று நாம் போட்ட சண்டையில் அம்மா தலையைப் பிடித்துக்கொண்டாள். "சேந்து வாசிக்கிறதுன்னா வாசிங்க, இல்லன்னா பரண்ல தூக்கிப் போட்டுடுவேன்" என்றாள். அம்மா சொன்னால் செய்வாள் என்று இருவருக்கும் தெரியும். அதனால் உடல் என் மடியில், கழுத்து உன் பக்கம். நீ இடது கையால் கம்பிகளை அமுக்குவாய். நான் வலது கையால் மீட்டுவேன்.

டவுன்ஷிப் விழாக்களில் அதைப் பார்த்து ஆட்கள் கைதட்டினார்கள். பாட்டுக்கா, வேடிக்கைக்கா என்று நாம் ஆராயவில்லை. பிறகு நீ சம்பாதித்தாய், நானும் பள்ளிக்கூட வேலைக்கு வந்தேன். இன்னொரு கிட்டார் வாங்க வேண்டும் என்று ஒருநாளாவது நமக்குத் தோன்றியதா? தாரணியின் அம்மா போன பிறகு, அழும் குழந்தையை நடுவில் கிடத்திக்கொண்டு, வார்த்தையில்லாத அந்த மெட்டை இருவரும் சேர்ந்துதானே வாசித்துத் தூங்கவைத்தோம். அதைத்தான் அவள் இப்போது கேட்கிறாள்.

கார்த்திக்குக் கிட்டார் தெரியுமாம். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நான் வேணா மாமா பக்கம் உக்காந்து புடிச்சிக்கிறேன் அத்தை. நீங்க வழக்கம்போல வாசிங்க."

தங்கமான பையன். நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "வேணாம் தம்பி, நானே பாத்துக்கிறேன்" என்றேன். உன்னைக் கூப்பிடும் வார்த்தையால் இன்னொருவனைக் கூப்பிட்டதும் நாக்கு கசந்தது. ஆனால் முடிவு முடிவுதான். உன் இடத்தில் யாரும் உட்காரக் கூடாது. உட்காரக் கூடாது என்றால், இத்தனை வருடம் சும்மா கிடந்த என் இடது கை வேலைக்குப் போக வேண்டும்.

போயிற்று, அதுவும் தப்பான வேலைக்கு. உன் அக்கா யாரையாவது கேட்டுச் செய்வாளா? விரலில் பலம் இல்லை, அவ்வளவுதானே என்று மருந்துக் கடையில் ரப்பர் பந்து ஒன்றை வாங்கி வந்தேன். டிவி பார்க்கும்போது அமுக்கினேன், ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அமுக்கினேன், பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நின்றபடி அமுக்கினேன். பசங்களுக்குப் பயம் வந்ததுதான் மிச்சம். ஊறுகாய் ஜாடி மூடியெல்லாம் எளிதாகத் திறந்தது. கிட்டாரை எடுத்தால் பழையபடி டொக் டொக் என்ற சத்தம்தான் வந்தது.

கடைசியில் வெட்கத்தை விட்டு ஒரு கிட்டார் வகுப்புக்குப் போனேன். சொல்லித்தரும் பெண்ணுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"பந்து அமுக்குனீங்களா மேடம்?"

"எப்படிம்மா தெரியும்?"

"எல்லாரும் அதத்தான் செய்வாங்க. அதுல அஞ்சு விரலும் ஒண்ணா மடங்கும். இங்க ஒண்ணு அமுக்கறப்ப மத்தது சும்மா இருக்கணும். பலம் ரொம்பத் தேவையில்லங்க. சத்தம் வர்ற அளவு அமுக்கினா போதும்."

கையை மேசையில் பரப்பி வைத்து மோதிர விரலை மட்டும் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். சுண்டு விரலும் கூடவே எழுந்தது. அதை அடக்கினால் மோதிர விரல் அசைய மறுத்தது. பிறகு கிட்டாரில் ஒரே கம்பியில் அடுத்தடுத்த நான்கு கட்டங்களில் நான்கு விரல்களை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். வைத்த விரலை எடுக்காமல் அடுத்ததை வைக்க வேண்டும். எடுக்கும்போதும் ஒன்றுதான் எழ வேண்டும், மற்றவை கம்பியை விட்டு ஓடக் கூடாது. மெதுவாக, மிக மெதுவாக. மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிட வேண்டும். நான் நிறுத்தவில்லை, திட்டு வாங்கினேன்.

அதிலிருந்து என் கை எங்கே இருந்தாலும் அந்த வேலைதான். ரங்கநாதர் சன்னதி வரிசையில் கைப்பையின் மேல் விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு நின்றேன். முன்னால் நின்ற மாமி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எந்த மந்திரம் ஜபிக்கறேள்?" என்று பக்தியோடு கேட்டாள். தம்பி விட்டுப்போன வேலையைச் செய்கிறேன் என்று வாய் வரை வந்தது. சும்மா சிரித்து வைத்தேன்.

விரல் நுனிகள் முதலில் கன்றிப்போயின, பிறகு தோல் உரிந்தது, இப்போது காய்த்துவிட்டன. ரேஷன் கடையில் கைரேகை பதியவில்லை. "வேற விரல் வைங்கம்மா, இதுவும் ஏறல" என்று ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னார்கள். கார்டில் உன் பெயரை இன்னும் நீக்கவில்லை. வீட்டில் வேறு யாராவது இருந்தால் வந்து கை வைக்கலாமே என்றார் அந்த ஆள். நான் வலது கட்டைவிரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

ரவி, எனக்கு ஆள் இல்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. தாரணி தினமும் போன் செய்கிறாள், சாப்பிட்டீங்களா என்கிறாள், சாப்பிட்டேன் என்கிறேன். அதன் பிறகு சாயங்காலம் முழுக்க மிச்சம் இருக்கிறது. ஆற்றங்கரையில் அம்மா மண்டபம் படித்துறை வரை நடந்துவிட்டு வருகிறேன். பூட்டைத் திறக்கும்போது உள்ளே விளக்கு எரியாதது ஒவ்வொரு நாளும் புதிதாகத் தெரிகிறது. பழகிவிடும் என்கிறார்கள். எப்போது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

சுண்டு விரல்தான் கடைசிவரை வம்பு செய்தது. நம் பாட்டின் நடுவில் அது எட்டித் தொலைவில் போய் விழ வேண்டிய இடம் ஒன்று உண்டே, அங்கேயே மாதக்கணக்கில் தவறியது. போன வாரம் விழுந்தது. மறுநாளும் விழுந்தது. முழுப் பாட்டையும் முதல்முறையாக நான் ஒருத்தியே வாசித்தேன், ஒரு பிசிறு இல்லாமல். சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன்? யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. சனிக்கிழமை தாரணி வந்ததும் கைகூடக் கழுவவிடாமல் உட்காரவைத்து வாசித்தேன்.

கேட்டு முடித்ததும் என் வலது கையையே பார்த்தாள்.

"என்னடி, நல்லா இல்லையா?"

"சூப்பரா இருக்கு அத்தை. ஆனா நடுவுல ஒரு இடத்துல நிக்குமே, அது எங்க?"

"நிக்குமா?"

"ஆமா. அப்பா மூச்சப் புடிச்சுக்குவாரு. நீங்க கைய மேல தூக்கிட்டு அவரையே பாப்பீங்க. அப்பறம்தான் மிச்சப் பாட்டு வரும். சின்ன வயசுல அதுக்காகவே நான் தூங்காம முழிச்சிட்டிருப்பேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உன் சுண்டு விரலும் அந்த இடத்தில் தாமதமாகத்தான் வந்திருக்கிறது. அது வந்து சேரும்வரை நான் காத்திருந்திருக்கிறேன். காத்திருக்கிறேன் என்பது தெரியாமலே, அதுதான் பாட்டு என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருடம் வாசித்திருக்கிறேன். உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் அந்த இடத்தில் என்னைப் பார்த்துச் சிரிப்பாயா? வேறு ஒருவராக இருந்தால் உன்னை விட்டுவிட்டு வாசித்துக்கொண்டே போயிருப்பார், இல்லையா?

அன்று நான் அழுதேன். தாரணி என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். இடது பக்கத்தை அவளும் தொடவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன். மேடையில் தனியாகத்தான் உட்காருவேன். கார்த்திக்கிடம் சொல்லிவிட்டேன், அவன் வருத்தப்படவில்லை. அந்த இடம் வரும்போது என் சுண்டு விரல் முன்னதாகவே போய் உட்கார்ந்திருக்கும். ஆனாலும் நான் மீட்ட மாட்டேன். வலது கையை மேலே தூக்கியபடி இருப்பேன். கிழவிக்குப் பாட்டு மறந்துவிட்டது என்று மண்டபத்தில் யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். நீ வழக்கமாக எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாயோ அவ்வளவு நேரம் உனக்காகக் காத்திருப்பேன். இது சத்தியம்.

அதற்கு மேல் காத்திருக்க மாட்டேன், ரவி. உன் பெண்ணின் கல்யாணம். பாட்டை முடிக்க வேண்டும்.

உன் வலது பக்கம் உட்காரும் அக்கா,
சுமதி