ரயிலடியிலிருந்து திரும்பிய சனிக்கிழமை

நாகானோ, ஜப்பான், ஞாயிறு

அப்பாவுக்கு வூலானின் ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் சுகமாக இருக்கிறேன், கோபமாகவும் இருக்கிறேன்.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் மணிலாக்காரி மாரிட்டெஸும் நானும் ஒரு மாதமாகத் திட்டம் போட்டு, நேற்று கடல் பார்க்கக் கிளம்பினோம். ரயில் ஏறப்போகும் நேரத்தில் மேற்பார்வையாளர் ஒகுமுரா போன் செய்தார். "ஹொரி சானுக்குக் காய்ச்சல், உடனே வாங்க." ஹொரி எங்களோடு வேலை செய்பவள்; 'சான்' என்பது இங்கே பெயரோடு மரியாதைக்குச் சேர்ப்பது. அவள் வேலையைப் பார்க்க, கட்டிய சோற்றோடு திரும்பினோம். மதியம் பார்த்தால், அந்தக் காய்ச்சல்காரி வெந்நீர் ஊற்றில் உட்கார்ந்து சிரிக்கும் படத்தை இணையத்தில் போட்டிருக்கிறாள்!

ஒகுமுராவிடம் காட்டினேன். முகம்கூட மாறவில்லை. "அவங்க குடும்பத்தோட போகணும்னு கேட்டாங்க. உங்களுக்கு இங்க யாரு இருக்கா? எந்த வாரம் போனா என்ன?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "யாரும் இல்லாததாலதான் ஒகுமுரா சான், கடலுக்குப் போறோம். அடுத்த சனிக்கிழமை போனை ரூம்லயே வச்சிட்டுப் போவேன்" என்றேன். மாரிட்டெஸ் முதலில் என் கையைக் கிள்ளினாள். பிறகு, "நானுந்தான்" என்றாள்.

"ஒப்பந்தம் புதுப்பிக்கிறப்ப இதை மறக்க மாட்டேன்" என்றார். மறக்காமலே இருக்கட்டும்.

நீங்கள் பயப்படாதீர்கள். இங்கே ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். முடிந்தால் கொஞ்சம் நெத்திலிக் கருவாடும், அம்மா அரைத்த மிளகாய்ச் சம்பலும், உங்கள் பழைய சட்டை ஒன்றும் அனுப்புங்கள். சட்டையைத் துவைக்க வேண்டாம்.

இடைவேளை முடிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். பதிலில் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள் அப்பா, "பொறுத்துப் போ" என்று மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள் மகள்
வூலான்