கவிழ்க்காத செம்பு

அன்பு மகன் பிளமெனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், அவர் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாலேயே மழையைச் சொல்லிவிடுகிறது. ஜெர்மனிக் குளிரில் தொப்பி போடுகிறாயா? பக்கத்து வீட்டு வெல்கா எனக்கு முந்திக்கொண்டு போனில் என்னென்ன சொன்னாளோ, அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். கோபம் வந்தாலும் முழுக்கப் படி.

போன வாரம் எங்கள் குண்டுத் தொழிற்சாலைக்கு மந்திரி வந்தார். வெளிநாட்டில் நடக்கிற அந்தச் சண்டைக்கு ஒரு குண்டுகூட அனுப்பமாட்டோம் என்று டிவியில் சத்தியம் பண்ணினாரே, அதே மனுஷன். பீரங்கிக் குண்டு ஏற்றிய லாரிகள் கேட்டருகே வரிசையாக நின்றன. பக்கத்து நாட்டுக்குத்தான் விற்கிறோமாம், அவர்கள் யாருக்கு அனுப்பினாலும் நமக்குத் தெரியாதாம். சண்டை நடக்கிற நாட்டுப் பையன்களுக்கு நம் முகாமில் சுடக் கற்றுக்கொடுப்பதும் சண்டையில் சேர்த்தி இல்லையாம். நல்ல கதையாக இருக்கிறதே! மேனேஜர் குருமோவ் பூங்கொத்துப் போட்ட தண்ணீர்ச் செம்பை என் காலடியில் கொண்டுவந்து வைத்தான். ஸ்வெட்டா அக்கா, இங்க நீங்கதான் மூத்தவங்க, லாரி கெளம்பறப்ப காலால ஒரு தட்டு தட்டிவிடுங்க, தண்ணி ஓடற மாதிரி தடையில்லாமப் போய்ச் சேரட்டும் என்றான். அப்புறம் காதருகே குனிந்து, முகாம்ல சொல்லிக்குடுக்கற வேலை ஒங்க பிளமெனுக்குத்தான், நான் பாத்துக்கறேன் என்றான்.

பட்டாளத்தில் இருந்தவனாயிற்றே, நீ அந்த வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருப்பது எனக்குத் தெரியாதா? நீ ஜெர்மனியில் லாரி ஓட்டுவதை விட்டு வீட்டுக்கு வந்துவிட மாட்டாயா என்று ஏங்காத நாள் இல்லை. பொய் சொல்லமாட்டேன், கால் செம்புவரை போய்விட்டது. நீ புறப்பட்ட அன்று வாசலில் அழுதுகொண்டே இதே மாதிரிச் செம்பைக் கவிழ்த்தேனே, நீ பத்திரமாகப் போய்ச் சேரவேண்டும் என்று. இந்தக் குண்டு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் அங்கே என்னைப் போல ஒருத்திக்கு என்ன மிஞ்சும்? செம்பைக் கையில் எடுத்தேன். இது மனுசங்க போறதுக்கு ஊத்தற தண்ணி, வேணும்னா மந்திரி தன் காலால தட்டிக்கட்டும் என்று அவர் காதுபடவே சொல்லிவிட்டுச் செம்போடு நடந்தேன். ஒனக்கென்ன பைத்தியமா, ஒன் பையன் இனிமே இங்க காலெடுத்து வைக்க முடியாது பாத்துக்க என்று குருமோவ் கத்தினான். சற்றுமுன் கூப்பிட்ட அக்கா எங்கே போனாளோ!

மறுநாள் என்னைக் கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை. அப்பா, செம்பு யாருதுடி என்று கேட்டார். தொழிற்சாலையுடையது என்றேன். இருக்கட்டும், திருப்பிக் குடுக்காத என்றார். குண்டு இல்லன்னா அந்தப் பையனுங்க சும்மா சாவாங்களே என்கிறாள் வெல்கா. கொடுப்பதானால் கொடுக்கிறோம் என்று ஊரறியச் சொல்லிக் கொடுக்கட்டும். ஒளித்து விற்கிறவர்களுக்கு என் கால் எதற்கு?

உன் வேலையைக் கெடுத்தவள் நான்தான். திட்டு, வாங்கிக்கொள்கிறேன், மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன். ஈஸ்டருக்கு வெறுங்கையோடு வா. போகிறவனுக்குத்தான் தண்ணீர் வேண்டும், வருகிறவனுக்குக் கதவைத் திறந்தால் போதும்.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். தொப்பியை மறக்காதே. செம்பைக் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள், நான் தரவில்லை.

உன் அம்மா,
ஸ்வெட்டா