மூடிய பிறகும் வந்த நாற்பது பேர்

மார்ச் 4, செவ்வாய்

அம்பத்தூர் கம்ப்யூட்டர்களை அணைத்த பிறகும், அங்கே எத்தனை பேர் வருகிறார்கள் என்று திரையில் காட்டும் கோடு தரையைத் தொடவில்லை. நாற்பதிலேயே நின்றது.

இன்று ஒத்திகை. எங்கள் கம்பெனி டயாலிசிஸ் சென்டர்களுக்கு ஆப் நடத்துகிறது. யாருக்கு எத்தனை மணிக்கு, எந்த மிஷின் என்பதெல்லாம் அதில்தான். அதன் கம்ப்யூட்டர்கள் இரண்டு ஊரில் இருக்கின்றன. ஒன்று இங்கே அம்பத்தூர் எஸ்டேட்டில், இன்னொன்று மும்பையில். வருகிறவர்களை இரண்டுக்கும் எப்படிப் பிரித்து அனுப்புவது என்று வெள்ளிக்கிழமை முடிவாகும்.

எங்கள் இன்ஜினியர் ரூஹி அக்காவின் முறை எளிது. ஆப் திறக்கும்போது எந்த ஊர்க் கம்ப்யூட்டருக்குப் போவது என்று விலாசம் கேட்கும். ஒருவருக்கு அம்பத்தூர், அடுத்தவருக்கு மும்பை என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது. ஒன்று படுத்துவிட்டால் எல்லோருக்கும் மற்றதன் விலாசம்.

அம்பத்தூரைப் பத்து நிமிடம் அணைத்தார்கள். ஆபீசில் எல்லோரும் போனில் ஆப்பைத் திறந்தார்கள். உடனே வந்தது. மேனேஜர் நாகேந்திரன் சார் கை தட்டினார். "ரூஹி, பிரியாணி உன் செலவு!"

சுவரில் உள்ள திரையைப் பார்ப்பதும், சிவப்பு வந்தால் சொல்வதும்தான் என் வேலை. சிவப்பு வரவில்லை. சொல்லவில்லை.

ஆனால் அந்த நாற்பது பேர் யார்?

மார்ச் 5, புதன்

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

சாயங்காலம் கன்னியம்மா சித்தி வந்திருந்தாள். பூந்தமல்லியில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் ரிசப்ஷன் மேசை அவளுடையது. எங்கள் ஆப்தான் அங்கேயும்.

"செவ்வாக்கெழம உங்க ஆப்புக்கு இன்னாடி ஆச்சு? பத்து நிமிசம் சுத்திகினே கீது. யார எந்த மிஷின்ல படுக்க வெக்கறதுன்னு தெரில. ஆளாளுக்கு என்னையே மொறைக்கிறாங்க."

"மூடித் திறந்து பாத்தியா சித்தி?"

"நான் ஏன் மூடறேன்? மூடினா திரும்ப உள்ள போற ஓடிபி நம்பரு டாக்டர் போனுக்குல்ல போவும்? அந்தாளு எடுக்கவே மாட்டாரு. எடுத்தா கத்துவாரு. பொங்கலுக்குத் தொறந்தது, இன்னும் மூடல. எல்லா சென்டர்லயும் அப்டித்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆப் திறக்கும்போதுதானே விலாசம் கேட்கும்? சித்தியின் போன் பொங்கலன்று கேட்டு அம்பத்தூர் விலாசத்தை வாங்கியது. அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நாற்பதும் இப்படி மூடாத போன்கள்தான். ஆபீசில் நாங்கள் எல்லோரும் புதிதாகத் திறந்து பார்த்தோம், அதனால் வந்தது. நிஜமாகவே அம்பத்தூர் அரை நாள் படுத்தால்? இந்தப் போன்கள் அரை நாளும் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு இருக்கும். வெளியே ஊசிக்குக் கை நீட்டி உட்கார்ந்திருப்பவர்கள் என்ன ஆவார்கள்?

நாளைக்கு முடிவு செய்துவிடுவார்கள்.

மார்ச் 7, வெள்ளி

ரூஹி அக்கா மேசை வரை மூன்று தடவை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை தண்ணீர் பிடிக்க வந்தது போல நடித்தேன். பாட்டில் நிறைந்துதான் இருந்தது.

பத்தாவதோட நின்னவ நான். இன்ஜினியருங்க கிட்ட போய் இது தப்புன்னு எப்படிச் சொல்றது? நான் சொல்றதே தப்பா இருந்தா? இந்த நாற்காலி போயிட்டா அப்பாகிட்ட என்ன சொல்றது?

கடைசியில் ஒரு சீட்டில் எழுதினேன். 'அணைத்தபோது 40. பூந்தமல்லி மேசையில் பொங்கலில் இருந்து ஆப்பை மூடவில்லை. மூடினால் டாக்டர் கத்துவார்.' அக்காவின் கீபோர்டில் வைத்துவிட்டு பாத்ரூமுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால் அக்கா என் நாற்காலி பக்கத்தில், கையில் சீட்டோடு. சிரிக்கவில்லை.

"டாக்டர் கத்துவாரா? எல்லா சென்டர்லயுமா?"

தலையாட்டினேன்.

"இத யாருமே எங்ககிட்ட சொல்லல பிரியா." நேராகச் சாரிடம் போனாள்.

சார் சீட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னாம்மா, வாய் கீதுல்ல உனக்கு? லவ் லெட்டர் மாதிரி சீட்டு வெச்சினு ஓடற!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். முடிவைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

மார்ச் 12, புதன்

மாற்றிவிட்டார்கள். இனி எல்லோருக்கும் ஒரே விலாசம். அது மாறாது.

"ஒரே நம்பருக்கு ரெண்டு ஊர்லயும் மணி அடிக்கும்னு வெச்சுக்கோ. உயிரோட இருக்கிறவங்க எடுப்பாங்க" என்றாள் ரூஹி அக்கா.

"அப்ப மூட வேணாமா?"

"இந்த ஒரு தடவ மட்டும் மூடித் திறக்கணும். அப்புறம் எப்பவும் வேணாம்."

அந்த ஒரு தடவைக்கே டாக்டர் கத்தினாராம். சித்தி போனில் என்னைத் திட்டினாள்.

மார்ச் 18, செவ்வாய்

மறுபடி ஒத்திகை. "இந்த வாட்டி ஆபீஸ் போன நம்ப மாட்டேன். நீ போய் ஒங்க சித்தி பக்கத்துல குந்து" என்று சார் என்னைப் பூந்தமல்லிக்கு அனுப்பினார்.

பதினொரு மணிக்கு அம்பத்தூரை அணைத்தார்கள். சித்தியின் போனில் வட்டம் ஒரே ஒரு சுற்று சுற்றியது. அடுத்த பெயர் வந்துவிட்டது.

"முனியன்! ஆறாம் நம்பர் மிஷின், போ நைனா" என்று சித்தி கூப்பிட்டாள். வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் எழுந்து உள்ளே போனார். அதற்கு அடுத்த பெயரும் வந்தது.

"எப்பத்தான்டி அணைக்கப் போறாங்க? எனக்கு டீ குடிக்கணும்."

"அணைச்சு ஏழு நிமிசம் ஆச்சு சித்தி."

சித்தி போனை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

ரூஹி அக்காவிடமிருந்து மெசேஜ்: 'இங்க கோடு பூஜ்யம். அங்க?'

பதில் எழுத ஆரம்பித்தேன். அழித்தேன். இந்தத் தடவை சீட்டு வேண்டாம். வாசல் படிக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.